அறுபது காட்டும் மீட்டர்

எங்கள் கல்லூரியின் பின்வாசலில் நின்று எதிரே பார்த்தால், ஜெராக்ஸ் கடைக்கும் கண்ணாடி வெட்டும் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் வைத்த ஒரு கடை தெரியும். பதினெட்டு வருடங்களாக இந்தக் கல்லூரியின் மின்னியல் பொறியாளர்கள் உருவான இடம் அதுதான். கல்லூரிக்குள் உருவாகிறார்கள் என்று முதல்வர் வருடா வருடம் மேடையில் சொல்வார். மைக்கைப் பிடித்துவிட்டால் அவரும் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

கடைக்காரனை மாணவர்கள் ஈயம் என்று கூப்பிடுவார்கள். எப்போது போனாலும் அவன் கையில் சால்டரிங் கம்பி இருக்கும், அறை முழுக்க ஈயம் உருகும் புகை மண்டியிருக்கும். அப்படி வந்த பெயர். எட்டடிக்குப் பத்தடி அறை. சுவரோடு ஒட்டி நீளமான ஒரு மேசை, அதன்மேல் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் இழுப்பறைகள். எதிர்ச்சுவரில் அலமாரி. அதில் தீ எச்சரிக்கை மணி, தண்ணீர்த் தொட்டி அளவுகாட்டி, தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் பொம்மை வண்டி எல்லாம் இருக்கும். கண்ணுக்கு நேராக நடுத்தட்டில் டிஜிட்டல் பவர் மீட்டர். சக்கைப்போடு போட்டது அதுதான்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். மின்னியல் ஆய்வகத்தில் உதவியாளன். முப்பத்தொரு வருட சர்வீஸ். நான் பெரிதாகப் படித்தவனில்லை. ஆனால் படித்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதனால் எனக்குப் படிப்பின் மேல் மரியாதை கொஞ்சம் குறைவு.

கடைசி வருட மாணவர்கள் ஒரு கருவியை வடிவமைத்துக் காட்ட வேண்டும், வெளியூர் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் அதைச் சோதித்து மதிப்பெண் போட வேண்டும் என்பது விதி. எங்கள் துறைத் தலைவர் எட்டுக் குழுக்களுக்கும் ஒரே தலைப்பைக் கொடுத்துவிடுவார். டிஜிட்டல் பவர் மீட்டர் வடிவமைப்பு. எட்டுத் தலைப்பு யோசிக்க அவருக்கு நேரம் ஏது? எட்டுக் குழுக்களும் நேராகச் சாலையைக் கடந்து ஈயத்திடம் போவார்கள். சாலையைக் கடந்ததுதான் அவர்கள் அந்த வருடம் செய்த பொறியியல்.

மீட்டரோடு அறிக்கையும் சேர்த்தே கிடைக்கும். எழுபத்திரண்டு பக்கம், கெட்டி அட்டை, தங்க எழுத்து. முதன்முதலில் அதை எழுதிய பையன் நன்றியுரையில், இரவும் பகலும் என் காலடியில் படுத்திருந்த எங்கள் வீட்டு நாய்க்கும் நன்றி என்று ஒரு வரி போட்டிருந்தான். அந்த வரியை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பதினெட்டு வருடமாக எல்லாக் குழுக்களும் அந்த நாய்க்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாய் எப்போதோ செத்துப் போயிருக்கும். வழிகாட்டிப் பேராசிரியர்கள் அந்த வரிக்கு நேர் கீழேதான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இனி மீட்டருக்கு வருகிறேன். ஒரு விளக்கு எத்தனை வாட் எடுக்கிறது என்று அளக்க, அதற்குப் போகும் மின்சாரத்தின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான தடவை தொட்டுப் பார்த்து, பெருக்கி, சராசரி எடுக்க வேண்டும். ஓட்டத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு சென்சார் வேண்டும். ஈயத்தின் மீட்டரில் அந்தச் சென்சாரே கிடையாது. ஒயர் ஒரு பக்கம் உள்ளே நுழைந்து, எதையும் தொடாமல் மறுபக்கம் வெளியே போய்விடும். சுவிட்சைப் போட்டதும் சிப் அதைத் தெரிந்துகொண்டு திரையில் அறுபது என்று காட்டும். அணைத்தால் பூஜ்யம். எண் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் வருமே, அதனால் 59.7, 60.2, 59.9 என்று கொஞ்சம் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில்தான் அவன் தொழில் திறமை இருந்தது. ஒரு தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு, என்ன ஒரு துல்லியம் என்று உச்சி குளிர்ந்து போனார்.

எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்கு வைத்திருப்பது ஒரே ஒரு மரப்பலகை. அதில் ஒரு பல்பு ஹோல்டர், அடியில் வெள்ளை பெயிண்டில் '60 வாட்' என்று எழுத்து. வருடத்துக்கு வருடம் அதே பலகை, அதே பல்பு. பிறகு மீட்டர் அறுபதைத் தவிர வேறெதைக் காட்டினால்தான் யாருக்கு என்ன லாபம்?

ஈயம் ஆரம்பத்திலிருந்தே இப்படி இல்லை. அவனும் இந்தக் கல்லூரி மாணவன்தான். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால், கடைகளெல்லாம் வராத காலத்தில், தன் கையால் செப்புக் கம்பி சுற்றிச் சென்சார் செய்து, ஒரு பவர் மீட்டரைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். அழகில்லாத பெட்டி, பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தது. ஆனால் வேலை செய்தது. அன்று மத்தியானம் பக்கத்துப் பட்டறையில் பெரிய மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்ததால் ஆய்வகத்தில் மின்னழுத்தம் 212-க்கு இறங்கியிருந்தது. அழுத்தம் குறைந்தால் பல்பும் குறைவாகத்தான் எடுக்கும். அவன் மீட்டர் 53 காட்டியது.

தேர்வாளர் பலகையைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். "பல்பு அறுபது, உன் மீட்டர் ஐம்பத்தி மூணு. அப்போ எது தப்பு?" என்று கேட்டார். அவன் மின்னழுத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். எதிர்த்துப் பேசுகிறான் என்று அதையும் குறித்துக்கொண்டு ஃபெயில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் ஊசி வைத்த பழைய வாட்மீட்டர் ஒன்று இருக்கிறது. தேக்குப் பெட்டி, நான்கு கிலோ எடை, தப்பாகக் காட்டாத சாமான். மாணவர்கள் உடைத்துவிடுவார்கள் என்று அதைப் பூட்டியே வைத்திருக்கிறோம். பூட்டுக்குச் சாவி என் பேன்ட் பாக்கெட்டில். அன்றைக்கு அதை எடுத்து மாட்டியிருந்தால் அதுவும் 53-தான் காட்டியிருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல உதவியாளனுக்கு என்ன தலையெழுத்து?

அவன் மறுதேர்வு எழுத வரவில்லை. அந்த மேசைக்கு முன்னால் இனி நிற்க மாட்டேன் என்று போய்விட்டான். அங்கே இங்கே வேலை பார்த்துவிட்டு ஐந்து வருடம் கழித்து எதிரே கடை போட்டான். முதல் மீட்டரை எனக்குத்தான் காட்டினான். "இது ஃபெயில் ஆகாதுண்ணே" என்றான். சுவிட்சைப் போட்டான், அறுபது வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதன்பின் அவன் செய்து கொடுத்த மீட்டர் ஒன்றுகூட ஃபெயில் ஆனதில்லை. அவனை ஃபெயில் ஆக்கிய கல்லூரியின் காதிலேயே பதினெட்டு வருடம் பூச்சுற்றினான். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. சாயங்காலம் அவன் கடையில் டீ குடித்துக்கொண்டே, இன்றைக்கு எந்தப் பேராசிரியர் என்ன உளறினார் என்று நான் சொல்வேன். ஊரில் இருக்கும் எல்லோரும் முட்டாள்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் ஒருமுறை தீர்மானம் போடுவோம்.

இந்த நிம்மதியைக் கெடுத்தவள் அவன் மகள். நன்றாகப் படித்தாள், எங்கள் கல்லூரியிலேயே மின்னியலில் சேர்ந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தக் கடையில் வளர்ந்தவள். அப்பா கருவிகள் செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் அலமாரியிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து ஸ்குரூ கழற்றிப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, இதுல சென்சார் எங்க?"

"அதுக்கு இடம் பத்தலம்மா."

"பெட்டி பாதி காலியா இருக்கே."

அவள் ஸ்குரூவை ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டி, மீட்டரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனிடம் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. இதை அவனே என்னிடம் சொன்னான். சொல்லும்போது ஒரு ரெசிஸ்டரை எடுத்து அதன் காலை வளைத்து வளைத்து ஒடித்துவிட்டான்.

கடைசி வருடம் வந்தது. அவளோடு குழுவில் இருந்த மூன்று பேரும், "உங்க அப்பா கடைதானே, நமக்கு நல்ல பீஸா எடுத்து வெக்கச் சொல்லு" என்றார்கள். அவள் முடியாது என்றாள். அவர்கள் வேறு குழுக்களில் ஒட்டிக்கொண்டார்கள். ஏழு குழுவும், எட்டாவதாக இவள் ஒருத்தி மட்டும் என்று ஆயிற்று. ஒற்றை ஆளாகச் செய்ய அனுமதிக்கலாமா என்று துறையில் இரண்டு கூட்டம் நடந்தது. அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று பேச ஒரு கூட்டமும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பாவின் மேசைக்கு எதிரே, முதுகோடு முதுகாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் தன் மீட்டரைச் செய்தாள். அப்பாவின் ஈயச் சுருளைக்கூட அவள் தொடவில்லை, தனக்கென்று ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் அப்பா பொய் மீட்டர் ஏழு செய்கிறான், அந்தப் பக்கம் மகள் நிஜ மீட்டர் ஒன்று செய்கிறாள். மேசைவிசிறி மட்டும் இரண்டு பேருக்கும் பொது. ஆறு மாதத்தில் அவள் மூன்று சிப்பைக் கருக்கினாள். இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, செல்போன் சார்ஜர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டி அளந்தாள். கடைசியில் அது சரியாக வந்துவிட்டது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன். ஈயம் மகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு சின்ன சுவிட்ச் போட்டுக்கோம்மா. பின்பக்கம், யாருக்கும் தெரியாது. அவங்க மொறச்சா மட்டும் அமுக்கு, அறுபது வந்துரும். நிக்க வெச்சு ஃபெயில் பண்ணுவாங்கடா. எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு ஐம்பத்தி மூணு வந்ததுப்பா. அது சரியான ரீடிங். அதுக்கப்புறம் நீங்க செஞ்சதுதான் எல்லாமே தப்பு."

"உனக்கு வேலை கிடைச்சிருக்கு. பாஸ் பண்ணலன்னா அந்த கம்பெனி ஒரு வருஷம் காத்திருக்காது."

"தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். நானும் என் பங்குக்கு, "போட்டுக்கோயேம்மா, ஒரு சுவிட்ச்தானே" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "அங்கிள், உங்க லேப்ல வோல்டேஜ் எவ்வளவு வருது?" என்று மட்டும் கேட்டாள். இருநூற்று முப்பது என்றேன். நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அங்கே நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. விடுமுறையில் பலகையின் பழைய பல்பு பீஸாகிவிட்டது. ஸ்டோரில் குண்டு பல்பெல்லாம் நிறுத்தி வருடமாகிறது என்று ஒரு எல்.இ.டி. பல்பைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒன்பது வாட். அதைத்தான் மாட்டினேன். பலகையில் எழுத்தை மாற்ற பெயிண்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஈயத்தின் ஏழு மீட்டர்களும் ஒன்பது வாட் பல்புக்கு அறுபது காட்டப் போகின்றன, தேர்வாளரும் தலையாட்டப் போகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஈயத்திடம்கூடச் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கலாம் என்று இருந்தேன். என் வயதுக்கு அது ஒரு கேவலமான ஆசைதான்.

தேர்வு அன்று காலை பத்து மணிக்குத் துறைத் தலைவரோடு வெளித்தேர்வாளர் வந்தார். கை நிறைய மோதிரம், மூக்கு நுனியில் கண்ணாடி. எட்டு மேசைகளில் எட்டு மீட்டர்கள். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் மாட்ட வேண்டும். டெமோ அன்று ஏதாவது மக்கர் செய்தால் சரிபண்ண வாசலில் நிற்பது ஈயத்தின் சேவையில் சேர்ந்தது. அன்றும் நின்றான். கண் மட்டும் எட்டாவது மேசைமேல் இருந்தது.

முதல் மேசை, அறுபது. இரண்டாவது, 59.8. "வெரி குட்" என்றார் தேர்வாளர். மூன்றாவது மேசைக்காரனிடம் சென்சார் எது என்று கேட்டார். அவன் திரையைக் காட்டினான். அதற்கும் வெரி குட். இப்படியே ஏழு மேசை. பல்பு வெள்ளை வெளேரென்று எரிகிறது, குண்டு பல்பின் மஞ்சள் எங்கே என்று இரண்டு முனைவர் பட்டங்களில் ஒன்றுக்காவது தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எட்டாவது மேசையில் பலகையை மாட்டினேன். திரையில் 8.9 என்று வந்து நின்றது.

என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வேடிக்கையில் அகப்படப் போகிறவள் இவள் ஒருத்திதான் என்பது அந்த நிமிடம் வரை என் மண்டையில் உறைக்கவேயில்லை. முட்டாள்களை எண்ணிக்கொண்டே வந்தவன் என்னை எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

"என்னம்மா, ஒன்பது காட்டுது?" என்றார் தேர்வாளர்.

"சார், இது எல்.இ.டி. பல்பு. அவ்வளவுதான் எடுக்கும்."

"பலகையில அறுபதுன்னு இருக்கே."

துறைத் தலைவர் ஓடிப்போய்ப் பல்பு வந்த அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார். அதில் பெரிய எழுத்தில் 60 வாட் என்றும், கீழே எறும்பு அளவு எழுத்தில் வெளிச்சத்துக்கு ஈடானது என்றும் போட்டிருந்தது. பெரிய எழுத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். எறும்பை வாசிக்க அவர் சம்பளத்தில் இடமில்லை போலும்.

"பலகை அறுபதுங்குது. பெட்டி அறுபதுங்குது. ஏழு மீட்டர் அறுபதுங்குது. நீ மட்டும் ஒன்பதுன்னா நாங்க எதம்மா நம்புறது?"

"பல்ப நம்புங்க சார்."

தேர்வாளருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். "லேப்ல ஸ்டாண்டர்டு வாட்மீட்டர் இருக்கா?"

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். அந்த மீட்டரை மாட்டினால் இந்த ஒரு மேசை மட்டும் பிழைக்கும், மற்ற ஏழும் சந்தி சிரிக்கும் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "அது ரிப்பேர்ல இருக்கு, இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். அந்தப் பெண் அழவில்லை. மீட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது வாசலிலிருந்து ஈயம் உள்ளே வந்தான். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு மறுபடி ஒரு தேர்வு மேசைக்கு முன்னால் வந்து நின்றான். எரிந்துகொண்டிருந்த பல்பை வெறுங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"யோவ், உனக்கு என்னய்யா இங்க வேலை? கைய எடு" என்றார் துறைத் தலைவர்.

"அறுபது வாட் குண்டு பல்ப இப்படிப் பிடிச்சா கை வெந்துரும் சார். இது இளஞ்சூடா இருக்கு. நீங்களும் தொட்டுப் பாருங்க." பிடியை விடாமலே தேர்வாளரிடம் திரும்பினான். "அந்த ஏழு மீட்டரும் நான் செஞ்சு வித்தது. அதுல சென்சாரே கெடையாது. இஸ்திரிப் பெட்டிய மாட்டினாலும் அறுபதுதான் காட்டும். பதினெட்டு வருஷமா அதத்தான் செஞ்சிட்டிருக்கேன்."

பக்கத்து மேசை மீட்டரைக் கவிழ்த்து, பாக்கெட்டிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினான். ஒயர் இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிற்று. பாதிப் பெட்டி காலி. அந்த மேசைப் பையன்கள் நால்வரும் அந்தப் பெட்டியை முதல் தடவையாக உள்ளே பார்த்தார்கள்.

துறைத் தலைவர் இத்தனை வருடம் சும்மா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. "கடைக்காரன் பேச்சக் கேட்டு மார்க் போட முடியாது. மகளுக்காக அவன் என்ன வேணா சொல்லுவான். ஸ்டாண்டர்டு மீட்டர் ரிப்பேர்ல இருக்கு. வேற அத்தாட்சி இல்ல" என்றார்.

ஈயம் திரும்பி வந்து மறுபடி பல்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை. சாயங்காலம் டீ வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

"அண்ணே, சாவி உங்க பாக்கெட்டுலதான இருக்கு?"

நான் அலமாரிப் பக்கம் பார்த்தேன்.

"அன்னிக்கும் அங்கதான் இருந்துச்சு. ஃபெயில்னு சொன்னதும் நான் உங்களத்தான் திரும்பிப் பாத்தேன். உங்க கை பாக்கெட்டுக்குள்ள சாவியப் பிடிச்சிட்டிருந்துச்சு. நீங்க சன்னலப் பாத்துட்டு நின்னீங்க."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு வருடம் என் கையில் டீ கிளாசைக் கொடுத்தவனுக்கு, நான் சொல்லும் ஒவ்வொரு கேலிக்கும் தலையாட்டியவனுக்கு, அத்தனை நாளும் அது தெரிந்திருக்கிறது. அந்த நொடியிலும் என் கை பாக்கெட்டுக்குள்தான் இருந்தது.

சாவியை வெளியே எடுத்தேன். "ரிப்பேர் இல்ல சார். நான் பொய் சொன்னேன்" என்று தேர்வாளரிடம் சொன்னேன். அலமாரியைத் திறந்து தேக்குப் பெட்டியைத் தூக்கிவந்து பலகையில் மாட்டினேன். ஊசி மெல்ல ஏறி, ஒன்பதை ஒட்டி நின்றது. அந்தப் பெண் ஊசியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பல்பிலிருந்து பிரித்து எடுத்தாள்.

பிறகு நடந்தது எல்லாம் கண்துடைப்பு. விஷயம் வெளியே போனால் பதினெட்டு வருடப் பட்டங்களையும் கிண்ட வேண்டிவரும் என்பதால் பூசி மெழுகினார்கள். அவளுக்குப் பாஸ். நூற்றுக்கு அறுபது மதிப்பெண். அந்த எண்ணை விட்டு அவர்களால் வெளியே வரவே முடியவில்லை. மற்ற ஏழு குழுக்களுக்கும் திருத்திக்கொண்டு வரப் பதினைந்து நாள் அவகாசம். ஈயத்துக்குக் கல்லூரி வாசலை மிதிக்கத் தடை. ஏழு குழுக்களும் அடுத்த தெருவில் புதிதாக முளைத்த ஒரு கடையில் மீட்டர் வாங்கி வந்தார்கள். நான் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். அதிலும் சென்சார் இல்லை. ஆனால் சுவிட்சைப் போட்டால் 8.8, 9.1, 8.9 என்று அழகாகத் தள்ளாடுகிறது. எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அறிக்கையில் நாய்க்கு நன்றி இருக்கிறது.

அவள் வேலைக்குப் போய்விட்டாள். அவள் செய்த மீட்டர் இப்போது ஈயத்தின் அலமாரியில், நடுத்தட்டில் இருக்கிறது. விற்பனைக்கு இல்லை. அவன் மிக்சியும் மின்விசிறியும் ரிப்பேர் பார்க்கிறான். ரிப்பேர் முடிந்ததும் அந்த மீட்டரில் மாட்டி, எத்தனை வாட் எடுக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறான். யாரும் கேட்பதில்லை, அவன் எழுதிக் கொடுக்கிறான்.

நான் கொஞ்ச நாள் வேறு வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் அவன் ஷட்டருக்கு அடியில் நிற்க வேண்டியதாயிற்று. "டீ சொல்லவாண்ணே?" என்று கேட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். அவன் திட்டவில்லை. டீ வந்தது. யாரையாவது கேலி பேசலாம் என்று வாயைத் திறந்தேன், ஒரு பெயரும் வரவில்லை.

அலமாரிச் சாவியை இப்போது ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தேர்வாளர் யாராவது உள்ளே வந்தால் மட்டும் என் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடுகிறது.